மாநிலம் முழுதும் செல்லும், 90 நாள்தான் செல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவில் துப்பாக்கியை மறைத்து ஏந்தும் உரிமம் வைத்திருப்பவர் வேறு கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) குடிபோனால் என்ன செய்ய வேண்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். "உரிமம் மாநிலம் முழுதும் செல்லும், கவலை வேண்டாம்" என்று உங்கள் கேள்வி பதில் பகுதியில் ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை நம்பி நான்காவது மாதம் இடுப்பில் துப்பாக்கியோடு கடைக்குப் போகிறவர் கைதாகக்கூடும். உரிமம் எங்கெல்லாம் செல்லும் என்பது ஒரு கேள்வி, எதுவரை செல்லும் என்பது இன்னொரு கேள்வி. கேட்டவர் கேட்டது இரண்டாவதை. பதில் வந்தது முதலாவதற்கு.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. டெக்சாஸிலும் புளோரிடாவிலும் உரிமம் தருவது மாநில அரசுத் துறை. அங்கே கவுண்டி மாறினால் முகவரி மாற்றம், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் உரிமத்தைத் தருவது நீங்கள் குடியிருக்கும் கவுண்டியின் ஷெரிப் (கவுண்டிக் காவல் தலைவர்), அல்லது உங்கள் நகரக் காவல்துறைத் தலைவர். 58 கவுண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி இணைய விண்ணப்ப வாயில், தனிக் கட்டணம், தனிப் பயிற்றுநர் பட்டியல். உரிமத்தை மாநிலம் எங்கும் கொண்டு போகலாம் என்றாலும், அதன் அடிப்படை "இவர் எங்கள் கவுண்டிக்காரர்" என்பது. அந்த அடிப்படை போய்விட்டால் உரிமம் சில காலம் ஓடும், பிறகு நிற்கும்.

சட்டத்தில் இது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 26210-ஆம் பிரிவு. குடிபெயர்ந்த 10 நாளுக்குள், உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமத்தின் நிபந்தனைகளை மீறாமலும், துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவராக ஆகாமலும் இருந்தால், கவுண்டி மாறினார் என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை ரத்து செய்யக் கூடாது. இதுவரை படித்துவிட்டு நிம்மதியாக மூடிவைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏனென்றால் அடுத்த உட்பிரிவு இப்படிப் போகிறது: குடியிருப்பை அடிப்படையாக வைத்துத் தரப்பட்ட உரிமம், அந்தக் கவுண்டியை விட்டுக் குடிபெயர்ந்த 90 நாளில் காலாவதி ஆகும். ரத்து வேறு, காலாவதி வேறு. ரத்து செய்தால் கடிதம் வரும். காலாவதிக்கு யாரும் கடிதம் போட மாட்டார்கள். அட்டையில் அச்சிட்ட தேதி இன்னும் ஓராண்டு தள்ளி இருக்கலாம், அதைப் பார்த்துத் தைரியப்படக் கூடாது. அச்சிட்ட தேதி, 90-ஆவது நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவே உங்கள் கடைசி நாள்.

பலர் கவனிக்காத ஒரு முரண்பாடு இங்கே இருக்கிறது. புதுக் கவுண்டியில் விண்ணப்பம் போட்டால் முடிவு சொல்ல அவர்களுக்கு எத்தனை நாள்? 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள, செனட் மசோதா 2 என்ற பெயரில் வந்த மாநிலச் சட்டத்தின்படி, முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த 90 நாளுக்குள் தகுதி குறித்த முதல்கட்ட முடிவைச் சொல்ல வேண்டும். உரிமம் உண்டா இல்லையா என்ற இறுதி முடிவுக்கு 120 நாள், அல்லது மாநில நீதித்துறையிலிருந்து பின்புலச் சோதனை முடிவு வந்த 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. முன்பிருந்த சட்டத்தில் அந்த 120-க்குப் பதில் 90 நாள் என்று இருந்தது. அதாவது பழைய உரிமம் சாகும் நாளும் புதிய உரிமம் பிறக்க வேண்டிய நாளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. மசோதா 2 ஒரு பக்கத்தை 120 ஆக்கியது, மறுபக்கத்தை 90-இலேயே விட்டுவிட்டது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பழைய உரிமம் செல்லும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

தேதி வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஜூன் 1 அன்று பிரீமாண்டிலிருந்து டிரேசிக்குச் சாமான் ஏற்றுகிறீர்கள். பிரீமாண்ட் அலமீடா கவுண்டி, டிரேசி சான் வாக்கீன் கவுண்டி. ஜூன் 11-க்குள் உரிமம் தந்த பழைய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முகவரிச் சான்றுகள் கைக்கு வந்து ஜூன் 15 அன்று புதுக் கவுண்டியில் விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்கிறது என்று வையுங்கள். பழைய உரிமம் ஆகஸ்ட் 30 அன்று முடிகிறது. 120 நாள் கணக்குப்படி புதுக் கவுண்டி அக்டோபர் 13 வரை எடுத்துக்கொள்ளலாம். இடையில் 44 நாள் உங்களிடம் உரிமம் இல்லை. இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைந்தால் "முழுமையான விண்ணப்பம்" என்ற கடிகாரமே ஓடத் தொடங்காது. கூட்டம் அதிகமான கவுண்டிகளில் சட்டம் சொல்லும் நாள் கணக்கைப் பொருட்படுத்துவதும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஷெரிப் துறை விண்ணப்பங்களை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது என்று அமெரிக்க நீதித்துறையே 2025 செப்டம்பரில் வழக்குப் போட்டது ஊரறிந்த சேதி.

ஆகவே வேலை தொடங்க வேண்டிய நாள் குடிபோன நாள் அல்ல, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாள், அல்லது வீடு வாங்க எஸ்க்ரோ (பணத்தை மூன்றாமவர் பிடித்து வைக்கும் கணக்கு) திறந்த நாள். அன்றே புதுக் கவுண்டி ஷெரிப் அலுவலகத்தின் உரிமப் பிரிவைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியவை சில உண்டு. வேறு கவுண்டியின் நடப்பு உரிமம் உள்ளவரைப் புது விண்ணப்பதாரராக எடுப்பீர்களா, புதுப்பிப்பவராக எடுப்பீர்களா? என்னென்ன முகவரிச் சான்று, எத்தனை? நேர்முகத்துக்கு இன்று பதிந்தால் எந்த மாதம் நாள் கிடைக்கும்? பழைய கவுண்டியில் முடித்த பயிற்சிச் சான்று செல்லுமா? முதல் கேள்விக்கான பதிலில்தான் காசும் காலமும் இருக்கின்றன. "உரிமத்தை மாற்றுவது" என்று நம்மவர்கள் சொல்கிறார்களே, அப்படி ஒரு நடைமுறை சட்டத்தில் கிடையாது. வங்கிக் கணக்கை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றுவது போல நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். சட்டம் சொல்வது பழையது முடியும் என்பதை மட்டுமே. புதியதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழைய உரிமம் இருப்பதைக் கணக்கில் எடுத்துச் சில படிகளைக் குறைக்கும் அலுவலகங்கள் உண்டு, குறைக்காதவையும் உண்டு. அதை அவர்கள் வாயால் கேட்டுக்கொள்வதே நல்லது, முடிந்தால் மின்னஞ்சலில்.

வீடு மாறுவதற்கு முன்பே விண்ணப்பம் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும்போது அந்தக் கவுண்டியில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பத்தில் எழுதுவது உறுதிமொழியின் பேரில், பொய் எழுதினால் அதுவே குற்றம். குடிபோகாத வீட்டைக் குடியிருப்பு என்று எழுதாதீர்கள். ஆனால் வாயிலில் கணக்குத் திறப்பது, படிவத்தைப் படித்து வைப்பது, நற்சான்று தருபவர்களிடம் சொல்லி வைப்பது, பயிற்றுநர் பட்டியலை இறக்கி வைப்பது, இதெல்லாம் முன்பே செய்யலாம். பல கவுண்டிகள் பெர்மிட்டியம் என்ற இணைய வாயிலைத்தான் பயன்படுத்துகின்றன. பழைய கவுண்டியில் கணக்கு இருக்கிறதே என்று அதில் போய் முகவரியை மாற்றினால் புதுக் கவுண்டிக்கு விண்ணப்பித்ததாக ஆகாது.

10 நாள் அறிவிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. இதில் செய்யும் தவறுகள்தான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கின்றன. அறிவிப்பு போக வேண்டியது உரிமம் கொடுத்த பழைய அலுவலகத்துக்கு. புதுக் கவுண்டியில் விண்ணப்பம் போட்டுவிட்டோமே, அவர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டுநர் உரிமத்தில் முகவரி மாற்ற டி.எம்.வி. என்னும் மாநில வாகனத் துறைக்கும் அதே 10 நாள்தான் கெடு, ஆனால் அங்கே மாற்றியது ஷெரிப் அலுவலகத்துக்குத் தெரிவித்ததாக ஆகாது. தொலைபேசியில் சொன்னதும் எழுத்து ஆகாது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: உரிமத்தில் உள்ளபடியே முழுப்பெயர், பிறந்த தேதி, உரிம எண், உரிமத்தில் உள்ள காலாவதி தேதி, பழைய முகவரி, புது முகவரி கவுண்டிப் பெயரோடு, குடிபெயர்ந்த தேதி, கடிதம் எழுதிய தேதி, கையெழுத்து. கூடவே வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கமோ வீட்டுப் பத்திரத்தின் நகலோ. அலுவலகத்தின் வாயிலில் முகவரி மாற்றப் படிவம் இருந்தால் அதை நிரப்பி, கடைசியில் வரும் உறுதிப் பக்கத்தை அச்சிட்டு வையுங்கள். அதற்கு மேல் சர்ட்டிஃபைட் மெயிலிலும் (ஒப்புகையோடு போகும் அஞ்சல்) ஒரு பிரதி அனுப்புவது சில டாலர் செலவு. திரும்பி வரும் ஒப்புகைச் சீட்டும் பச்சை அட்டைதான். நம்மவர்கள் இன்னொரு பச்சை அட்டையை, நிரந்தரக் குடியிருப்பு அட்டையை, காப்பது போல இதையும் காக்க வேண்டும்.

குடிபெயர்ந்த தேதி என்று எதை எழுதுவது? சாவி வாங்கியது ஒரு நாள், கட்டில் போனது ஒரு நாள், பிள்ளைகள் பள்ளி மாறியது ஒரு நாள். 90 நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்து என்பதால் நாலைந்து நாளைத் தள்ளிப் போட ஆசை வரும். வேண்டாம். மின் இணைப்பு மாறிய நாள், டி.எம்.வி.யில் கொடுத்த நாள், வாடகை தொடங்கிய நாள் எல்லாம் தாளில் இருக்கின்றன. எல்லாவற்றோடும் ஒத்துப் போகும் ஒரே தேதியை எழுதுங்கள், எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். முகவரி திருத்திய புது அட்டை பழைய அலுவலகத்திலிருந்து வரக்கூடும். வந்தால் மகிழ்ச்சி, ஆனால் திருத்தம் என்பது புதுப்பித்தல் அல்ல என்று 26215-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. திருத்திய அட்டை ஒரு நாள்கூட ஆயுளைக் கூட்டாது.

புது விண்ணப்பத்தில் அதிகம் சறுக்குவது கைரேகையில். லைவ் ஸ்கேன் (மின்னணுக் கைரேகைப் பதிவு) படிவத்தின் மேலே ஓ.ஆர்.ஐ. எண் என்று ஒன்று இருக்கும். கைரேகை முடிவு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. பழைய கவுண்டிக்காக எடுத்த கைரேகை பழைய கவுண்டிக்குத்தான் போயிற்று. உங்கள் மேல் பின்னால் ஏதாவது கைது பதிவானால் தகவல் போவதும் அங்கேதான். அதைப் புதுக் கவுண்டிக்குத் திருப்பிவிட முடியாது. மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். பழைய படிவத்தை நகல் எடுத்து அதையே நீட்டினால், முடிவு பழைய அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும், புது அலுவலகம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். காசு கட்டுவதற்கு முன் அந்த எண்ணைப் புது அலுவலகம் தந்த படிவத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அரை நிமிட வேலை.

பெயர் இன்னொரு கண்ணி. இது நம் ஆட்களுக்கென்றே வைத்தது போல இருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் காலி, விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." (முதற்பெயர் தெரியாது), ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, துப்பாக்கி வாங்கியபோது கடைக்காரர் பதிந்ததில் இனிஷியல் மட்டும். உரிமத்தில் சேர்க்கும் கைத்துப்பாக்கிக்கு மாநில நீதித்துறைப் பதிவேட்டில் உரிமையாளர் நீங்கள்தான் என்று இருக்க வேண்டும். மனைவி பேரில் வாங்கியதைக் கணவர் தன் உரிமத்தில் எழுத முடியாது. பெயர் கொஞ்சம் மாறியிருந்தாலும் தேடும்போது பதிவு கிடைக்காமல் போகும், விண்ணப்பம் நிற்கும். உங்கள் பேரில் எந்தெந்தத் துப்பாக்கி பதிவாகியிருக்கிறது என்ற பட்டியலை நீதித்துறையிடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். அது வரச் சில வாரம் ஆகும் என்பதால் குடிபோகும் முன்பே கேட்டு வைப்பது புத்தி. பட்டியல் வந்தால் தொடர் எண்ணைத் துப்பாக்கியின் உலோகத்தில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். பூஜ்யத்துக்கும் 'ஓ'-வுக்கும், ஒன்றுக்கும் 'ஐ'-க்கும் நடக்கும் குழப்பம் அடிக்கடி பார்ப்பதுதான்.

பயிற்சி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். புது உரிமத்துக்குக் குறைந்தது 16 மணி நேரம், புதுப்பிப்புக்கு 8 மணி நேரம், இரண்டிலும் குறிபார்த்துச் சுடும் தேர்வு உண்டு. எந்த வகையில் உங்களை எடுப்பார்கள் என்று தெரியாமல் 16 மணி வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். முதல்கட்ட முடிவு வருவதற்கு முன் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்லி உங்களை வற்புறுத்த முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பயிற்றுநர் அந்தக் கவுண்டியின் பட்டியலில் உள்ளவரா என்று பாருங்கள். அதேசமயம் வகுப்புகள் வாரயிறுதியில்தான் நடக்கும், இடம் சீக்கிரம் நிரம்பும். பெயரை மட்டும் பதிந்து வையுங்கள். சேரும் தேதியைப் பின்னால் சொல்லலாம். நற்சான்று தர மூன்று பேர் வேண்டும். வாழ்க்கைத் துணையோ கூட வசிப்பவரோ இருந்தால் அவரும் அதில் ஒருவர். ஷெரிப் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் தெரியாத எண் என்று எடுக்காமல் விடும் நண்பரால் மூன்று வாரம் போகும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, 90-ஆவது நாள் வந்துவிட்டது, புது அட்டை வரவில்லை. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடுப்பிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைப்பது. விண்ணப்ப ரசீது உரிமம் ஆகாது. நேர்முகம் முடிந்துவிட்டது என்பதும் உரிமம் ஆகாது. யூட்டா உரிமம், அரிசோனா உரிமம் வைத்திருக்கிறேனே என்றால், கலிபோர்னியா வேறு எந்த மாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. சுடுதளத்துக்குக் கொண்டு போக வேண்டுமானால் குண்டுகளை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில், காரின் பின்புறச் சாமான் அறையில் வைத்துக் கொண்டு போகலாம். எஸ்.யூ.வி.யில் தனி அறை இல்லை என்றால் பூட்டிய பெட்டி போதும். டாஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டி, பூட்டினாலும், பூட்டிய பெட்டி என்ற கணக்கில் சேராது. இருக்கைகளுக்கு நடுவே உள்ள அறையும் அப்படியே. இதில் ஏமாந்தவர்கள் அதிகம்.

உரிமம் போனதோடு கூடவே போகும் இன்னொன்று, பள்ளி வளையம். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம், அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த உரிமம் உள்ளவருக்கு விலக்குத் தருகிறது. 91-ஆவது நாள் அந்த விலக்கும் இல்லை. நகரத்துக்குள் 1,000 அடிக்கு ஒரு பள்ளி இல்லாத சாலை எங்கே இருக்கிறது? குண்டில்லாமல் பூட்டிய பெட்டியில் வைத்துக் கொண்டு போனால் அந்தச் சட்டம் தொடாது, அதற்கும் பெட்டிதான் பதில். உரிமமில்லாமல் மறைத்து ஏந்துவது, பொது இடத்தில் குண்டேற்றி வைத்திருப்பது, இரண்டுக்கும் மாநிலத்தில் தனித்தனிப் பிரிவு. குடியுரிமை பெற்றவருக்கு இது வழக்கு, அபராதம், சிறை என்ற அளவில் இருக்கும். பச்சை அட்டைக்காரருக்கு அதற்கு மேலும் உண்டு. துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்ததாகவோ ஏந்தியதாகவோ தண்டிக்கப்பட்டால், அது நாட்டைவிட்டு அனுப்பக் காரணமாகும் குற்றங்களில் ஒன்று என்று குடிவரவுச் சட்டம் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. தேதி மறந்துபோனேன் என்ற சமாதானத்தை யார் கேட்பார்கள் என்று நம்பி அந்த அபாயத்தை எடுக்க முடியாது.

எச்-1பி, எல்-1, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விலக்குகள் தவிர, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. உங்கள் பதில் பகுதியில் அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த விசாக்களில் இருப்பவர்கள்தானே.

கவுண்டி எல்லை எங்கே என்று தெரியாமல் மாட்டுபவர்களும் உண்டு. டப்ளினிலிருந்து சான் ரமோன் பக்கத்து ஊர், நடுவில் வெளி நிலம்கூட இல்லை, ஆனால் டப்ளின் அலமீடா கவுண்டி, சான் ரமோன் கான்ட்ரா கோஸ்டா கவுண்டி. போல்சம் சாக்ரமென்டோ கவுண்டி, ஒட்டியுள்ள எல்டொராடோ ஹில்ஸ் எல்டொராடோ கவுண்டி. மளிகைக் கடை மாறவில்லை, பிள்ளையின் நடன வகுப்பு மாறவில்லை, 90 நாள் மட்டும் ஓடத் தொடங்கிவிடும். அதே கவுண்டிக்குள் வீடு மாறினால் இந்த 90 நாள் வராது, 10 நாள் அறிவிப்பும் அட்டைத் திருத்தமும் மட்டும். நகரக் காவல்துறை தந்த உரிமத்தோடு அதே கவுண்டியின் வேறு ஊருக்குப் போனவர், புதுப்பிக்கும்போது எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்கலாம். கலிபோர்னியாவை விட்டே போகிறவருக்கும் அதே 90 நாள்தான். போகும் மாநிலம் அதை மதிக்குமா என்பது தனிக் கேள்வி.

வீட்டை வைத்து அல்லாமல், அந்தக் கவுண்டியில் செய்யும் வேலையையோ தொழிலையோ வைத்து வாங்கிய உரிமம் வேறு வகை. அது அதிகபட்சம் 90 நாளுக்குத்தான் தருவார்கள், அந்தக் கவுண்டிக்குள் மட்டும்தான் செல்லும். மக்கள்தொகை 2 லட்சத்துக்குக் குறைந்த கவுண்டிகளுக்கென்று சட்டம் வைத்துள்ள, வெளித் தெரிய ஏந்தும் உரிமம் இன்னும் கடுமை. கவுண்டி மாறியதுமே அதை ரத்து செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

சாமான் ஏற்றும் நாளுக்கு ஒரு குறிப்பு. வண்டி நிறுவனங்கள் பெரும்பாலும் துப்பாக்கி, தோட்டாவை ஏற்றுவதில்லை. உரிமத்தில் எழுதிய கைத்துப்பாக்கியை நீங்கள் ஏந்திப் போகலாம், உரிமம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உரிமத்தில் இல்லாத மற்றவற்றுக்குப் பூட்டிய பெட்டி. வழியில் சாப்பிட நிறுத்தி இறங்கினால், ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாதபடி பூட்டி வைக்க வேண்டும், அதற்கும் தனிச் சட்டம் உண்டு. புது வீட்டில் முதல் இரவே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அது கிடக்கக் கூடாது. 2026 ஜனவரி 1 முதல், கையிலோ கட்டுப்பாட்டிலோ இல்லாத துப்பாக்கியை வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பெட்டகத்தைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள்.

மற்ற மாநிலங்களைப் பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸ், புளோரிடா, வட கரோலினாவில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க 30 நாள், ஒகாயோவில் 45 நாள். வட கரோலினாவிலும் ஒகாயோவிலும் உரிமம் தருவது கவுண்டி ஷெரிப்தான், அவருக்குத்தான் தெரிவிக்க வேண்டும், ஆனால் கவுண்டி மாறியதற்காக 90 நாள் கெடு என்ற சங்கதி அங்கே இல்லை. நியூயார்க்கில் 10 நாள், அதோடு மாநிலத்தின் வேறு பகுதியில் வாங்கிய உரிமம் நியூயார்க் நகரத்துக்குள் தனி அனுமதி இல்லாமல் செல்லாது. ஒரு மாநிலத்து அனுபவத்தை வைத்து இன்னொரு மாநிலத்தாருக்கு வாட்ஸ்அப்பில் புத்தி சொல்வது இந்த விஷயத்தில் ஆபத்து.

புதுக் கவுண்டி மறுத்துவிட்டால் எழுத்தில் காரணம் தர வேண்டும். தகுதியற்றவர் என்று சொல்லி மறுத்திருந்தால், கடிதம் கைக்கு வந்த 30 நாளுக்குள் உயர் விசாரணை நீதிமன்றத்தில் விசாரணை கேட்கலாம். அந்த 30 நாளும் உறை மேல் உள்ள தேதியிலிருந்து அல்ல, கைக்கு வந்த நாளிலிருந்துதான் என்பதால் உறையைக் கிழித்து எறியாமல், வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
டிரேசி, கலிபோர்னியா